நர்ஸம்மாவின் நாட்கணக்கு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடைக்காலம் தமிழ்நாட்டில் 2017இல் 61 நாளாயிற்று. காசிமேட்டுப் படகுகளில் தொழிலுக்குப் போகும் பழவேற்காட்டு ஆண்கள் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான். வலைக் கிழிசலைத் தைப்பார்கள், சீட்டாடுவார்கள், ஏரியில் இறங்கிக் குழம்புக்குக் கொஞ்சம் மீன் பிடிப்பார்கள். அந்தப் பக்கத்துக் குப்பங்களில் நெடுங்காலம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தடைக்காலம் என்றதும் நினைவுக்கு வருவது அதற்கு அடுத்து வரும் நாட்கள்தான். ஜூன் பாதி தாண்டிவிட்டால் துணை சுகாதார நிலையத்து வாசலில் ஒருவர் இருவராக வந்து ஒதுங்கி நிற்பார்கள். தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகளின் அழுகை ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு உள்ளே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "நர்ஸம்மா, நாள் தள்ளிப் போச்சு" என்பார்கள்.

"கடைசியா எப்போ தலைக்கு ஊத்திக்கினே?" இதுதான் நர்ஸம்மாவின் முதல் கேள்வி. தேதி சொன்னவர்கள் குறைவு. "தடை போட்ட வாரம்" என்பாள் ஒருத்தி. "மாதா கோயில்ல கொடி ஏத்தினாங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்பாள் இன்னொருத்தி. முகத்துவாரம் தூர்ந்து கிடந்தது, அமாவாசைக்கு மறுநாள் வலை நிறைய இறால் வந்தது என்று ஏரியை வைத்துக் கணக்குச் சொன்னவர்களும் உண்டு. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டி, அமாவாசையையும் திருவிழாவையும் தேடிப் பிடித்து, நர்ஸம்மா அதைத் தேதியாக மாற்றுவார். அந்தக் கணக்கில் ஒரு வாரம் பிசகினாலும் வேறு வைத்தியம். கருக்கலைப்பு மாத்திரைக்கு இந்தியாவில் எல்லை 63 நாள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஒன்பது வாரம். தடை தொடங்கியபோது குளித்தவள் தடை முடிந்ததும் வந்தால், கையில் மிச்சம் இரண்டு நாள்.

பல பெண்கள் எண்ணத் தொடங்கியது நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து. அதனால் அவர்கள் "ஒரு மாசம்தான்" என்றால் நர்ஸம்மா மனத்துக்குள் இரண்டு மாதம் என்று குறித்துக்கொள்வார். மாத்திரை கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அது பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவரின் வேலை. நாளை எண்ணுவது, சிறுநீரைச் சோதிப்பது, விரல் நுனியில் குத்தி ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, பொன்னேரிக்குப் பஸ் ஏற்றிவிடுவது, திரும்பி வந்தபின் கவனித்துக்கொள்வது ஆகியவை அவருடையவை.

அவர் வேலைக்குச் சேர்ந்த 1980களில் இந்த மாத்திரையே கிடையாது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கும் குப்பங்களுக்குப் பாலமும் கிடையாது. முழுகாமல் இருப்பது தெரிந்தால், வேண்டாம் என்று நினைத்தவள் முதலில் பப்பாளிக்காயைத் தேடுவாள். பிறகு அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும், கருஞ்சீரகக் கஷாயம். இதில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிவதற்குள் ஒரு மாதம் போய்விடும். அதற்குப் பிறகுதான் எருக்கங்குச்சி.

அப்படிக் குச்சி வைத்துக்கொண்ட ஒருத்தியை ஒரு மழைக்கால இரவில் கட்டிலோடு தூக்கிவந்து படகில் ஏற்றினார்கள். நாலு பிள்ளை பெற்றவள். மூன்று நாளாகக் காய்ச்சல். வயிறு பலகையாக இறுகியிருந்தது, தொட்டால் துடித்தாள். போர்வையை விலக்கியதுமே வந்த நாற்றத்தில் துடுப்புப் போட்டவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். குச்சியின் பாலும் அதில் ஒட்டிய மண்ணும் கருப்பைக்குள் போய்ச் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து வண்டி பிடித்து, ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. கருப்பையை எடுத்த பிறகு பிழைத்தாள். ஊரில் அவளுக்குக் "கட்டி ஆபரேஷன்" நடந்ததாகத்தான் இன்றுவரை பேச்சு.

கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருந்தது. அதற்கு முன்பு, 1860இன் இந்திய தண்டனைச் சட்டப்படி, கலைத்தவருக்கும் கலைத்துக்கொண்டவளுக்கும் சிறை. இப்படிக் குச்சியாலும் கஷாயத்தாலும் பெண்கள் சாவதைப் பார்த்துத்தான் 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டார்கள். சட்டம் அதன் விளைவு. குச்சி வைத்த கிழவிக்கோ, வைத்துக்கொண்டவளுக்கோ, படகோட்டிக்கோ அது தெரிந்திருக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் சட்டம் ஏரியைத் தாண்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாத்திரை வந்த கதை வேறு தேசங்களில் நடந்தது. பிரான்ஸில் எத்தியேன் எமில் போலியூ என்ற அறிவியலாளர் பங்காற்ற, ரூசெல் உக்ளாஃப் கம்பெனி மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தை உருவாக்கியது. கருவைத் தாங்கி நிற்பதற்கு உடல் சுரக்கும் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோனின் வேலையை அது தடுத்துவிடும். 1988 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புக்குப் பயந்து அடுத்த மாதமே கம்பெனி விற்பனையை நிறுத்த, பிரெஞ்சு அரசு இரண்டே நாளில் தலையிட்டு மீண்டும் விற்க வைத்தது. இதனோடு சேர்த்துக் கொடுக்கும் மிஸோப்ரோஸ்டால் உண்மையில் வயிற்றுப் புண்ணுக்கான மருந்து. 1986இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்தபோது, கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதோடு வந்தது. கருக்கலைப்புக்குப் பெரும்பாலும் தடை இருந்த அந்த நாட்டில் பெண்கள் அந்த எச்சரிக்கையின் அர்த்தத்தை டாக்டர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு அனுமதி 2002இல். ஒரு மிஃபெப்ரிஸ்டோனும் நாலு மிஸோப்ரோஸ்டாலும் ஒரே அட்டையில் 2008இல் வந்தன.

அட்டை ஒன்பது வாரம் என்றது. 2003ஆம் ஆண்டின் விதிகளோ ஏழு வாரம் என்றன. இந்த முரண்பாடு 2021இல் விதிகளைத் திருத்தி ஒன்பது வாரம் ஆக்கும்வரை தீரவில்லை. பொன்னேரிக்கு அனுப்பிய பெண் எட்டாவது வாரத்தில் இருந்தால், போன வேகத்தில் திரும்பி வருவாளா, மருந்தோடு வருவாளா என்பது அன்றைக்கு யார் டியூட்டி என்பதைப் பொறுத்தது என்று நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முறையாக மாத்திரை எடுத்துக்கொண்டு அவர் அருகிலிருந்து கவனித்த முதல் பெண், இறால் வாங்கி விற்பவள். முப்பது தாண்டியவள், மூன்று பிள்ளைகள். ஏழாவது வாரம். பொன்னேரியில் பெண் டாக்டர் ஸ்கேன் பார்த்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதிசெய்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குச் சற்று மேல். எட்டுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கிடையாது. காப்பர்-டி உள்ளே இருக்கிறதா, ரத்தம் உறையாத நோய் உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாளாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டு, ரத்த வகையும் பார்த்த பிறகு, டாக்டர் எதிரிலேயே 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றை விழுங்கினாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் ஏலத்துக்குப் போய் இறாலும் எடுத்துவந்தாள்.

மூன்றாம் நாள் மிஸோப்ரோஸ்டால். மாமியார் இருக்கும் வீட்டில் முடியாது என்று நர்ஸம்மாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். நாலு மாத்திரையையும் நாக்கடியில் வைத்து அரை மணி நேரம் கரையவிட வேண்டும். "சுண்ணாம்பு மாதிரி கீது" என்று முகம் சுளித்தாளே தவிரத் துப்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கம் வந்தது, ஒரு தடவை பேதி போனது. அதற்குப் பிறகு அடிவயிற்றில் இழுத்து இழுத்து வலி. ஐபுப்ரோஃபென் கொடுத்து, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தார் நர்ஸம்மா. சாதாரண விலக்கைவிட அதிகமான போக்கு. கட்டி கட்டியாக வந்தது. நாலாவது மணி நேரத்தில் பெரிதாக ஒன்று விழுந்ததும் வலி சட்டென்று தணிந்துவிட்டது. இரண்டு டம்ளர் காபி கேட்டுக் குடித்தாள். போக்கு குறைந்து, பத்துப் பன்னிரண்டு நாள் துளித் துளியாக இருந்து நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது கருப்பை சுத்தமாக இருந்தது.

முறையாக எடுத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் இப்படித்தான் முடிகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். அரிதாகக் கரு தொடர்ந்து வளரும். அப்படி வளர்ந்தால் விட்டுவைக்கக் கூடாது. அந்த மருந்து குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது என்பதால் கருவியால் எடுத்துவிடுவார்கள். நர்ஸம்மா ஒவ்வொருத்தியிடமும் ஒப்பிக்க வைத்து அனுப்பிய பாடம் ஒன்று உண்டு: ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால், யாரையும் கேட்காமல் 108ஐக் கூப்பிடு. ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், நாற்றம் வந்தால், வலி நிற்காமல் கூடிக்கொண்டே போனால், வா. மாத்திரை போட்டும் ரத்தமே வராவிட்டாலும் வா. படிக்கும் ஆண்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாமலிருப்பது நல்லது. வீட்டில் போன் பெரும்பாலும் அவர்கள் சட்டைப் பையில்தானே இருக்கிறது.

ரத்தம் வந்தும் ஆபத்து தீராத ஒருத்தியை அவர் மறக்கவில்லை. எங்கோ வாங்கிய மாத்திரையைப் போட்டிருந்தாள், லேசாகப் போக்கும் வந்தது, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தாள். ஐந்தாறு நாள் கழித்து, தோள்பட்டை வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று தைலம் கேட்டு வந்தாள். நர்ஸம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்துக் கிடந்தது. நாடி ஓடியது. கரு கருப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தது. அதை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் வலி தோளில் தெரியும். 108 வந்து, சென்னைக்குப் போய், இரவோடு இரவாக அறுவை. தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருந்தால் விடியலில் இருந்திருக்க மாட்டாள். முதல் ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நர்ஸம்மா சொல்வது இவள் கதையைத்தான்.

இன்னொருத்திக்குக் கணவனே வாங்கிவந்தான், வேறு ஊர்க் கடையிலிருந்து. சீட்டுக் கேட்கவில்லை, நாள் கேட்கவில்லை. அட்டையில் போட்டிருந்ததைப்போல இரு மடங்கு விலை மட்டும் கேட்டார்கள். ஐந்தையும் ஒரே வேளையில் விழுங்கினாள். அப்போது மூன்று மாதம் தாண்டியிருந்தது. இரண்டு நாள் துணி மாற்றி மாற்றி மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் மீன் ஏலத்தில் கூடையோடு விழுந்தாள். மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, உள்ளே தங்கியதை உறிஞ்சி எடுத்தார்கள். ஊரில் இன்னும் "வயித்தைக் கழுவுறது" என்றால் எல்லோரும் நினைப்பது கரண்டி வைத்துச் சுரண்டும் டி அண்ட் சி. உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிப் பல காலமாகிறது. இப்போது பெரிய சிரிஞ்சு போன்ற ஒன்றில் வெற்றிடம் உண்டாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. மாத்திரைக்கு நாள் கடந்துவிட்டாலும் பன்னிரண்டு வாரம்வரை இது போதும். பல பெண்களுக்கு அப்படி ஒரு வழி இருப்பதையே யாரும் சொல்லியிருக்கவில்லை.

2015இல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. நூற்றுக்கு 81 மாத்திரையால். அவற்றில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்த மாநிலம். இதைக் கேட்டு அதிர்பவர்கள், மாத்திரையும் குச்சியும் ஒன்றல்ல என்பதையும் நினைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சரியான தகவலும் தரமான மருந்தும் அவசரத்துக்கு மருத்துவரும் கிடைத்தால் பன்னிரண்டு வாரம்வரை பெண் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. பழவேற்காட்டில் மருந்து மட்டும் எப்படியோ கிடைத்தது. மற்ற இரண்டும்தான் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகள் ஆய்வாளருக்குப் பயந்து இதை வாங்கியே வைப்பதில்லை. பெண் சிசுவைக் கலைப்பதற்குப் பயன்படும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஒன்பது வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. சீட்டோடு போகிறவளுக்கு இல்லை என்று கை விரிக்கும் கடைத்தெருவில், சீட்டில்லாமல் போனவனுக்கு இரு மடங்கு விலையில் கிடைத்தது.

குணமாவது பற்றிக் கேட்டால் நர்ஸம்மாவுக்குக் கோபம் வருகிறது. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் உட்கார வைத்துப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கும் ஊர் அது. கலைத்தவளுக்கோ அடுத்த நாளே வேலை. ஓய்வெடுத்தால் ஏன் என்று கேட்பார்களே! இறால் துழாவும் இருளர் பெண்கள், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நகர்ந்துகொண்டே இருப்பவர்கள். போக்கு நிற்கும்வரை ஏரியில் இறங்காதே என்று அவர்களிடம் சொல்வார். மருத்துவ நூலில் ஏரியைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. உறவும் வேண்டாம், உள்ளே எதையும் வைக்காதே என்பதோடு தாமாகச் சேர்த்துக்கொண்டது அது. "இறங்கலன்னா உலை வைக்கறது யாரு நர்ஸம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு ஒரு வாரத்துக்கு நண்டு பிரிக்கும் வேலை பேசிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்யலாம்.

பத்தியம் என்ற பேரில் மீனை நிறுத்திவிடுவார்கள், மீனவர் வீட்டில்! ரத்தம் போனவளுக்கு மீனும் கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கிறது. அடுத்த எச்சரிக்கையை யாரும் நம்புவதில்லை: கலைந்து பத்து நாளுக்குள்கூடக் கருமுட்டை மறுபடி வெளிவரலாம். விலக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்கள் சிலர் அடுத்த மாதமே மீண்டும் வாசலில் நின்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் அந்தரா கருத்தடை ஊசி 2017இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த பிறகு நிறையப் பேர் அதைக் கேட்டு வாங்கினார்கள். கருத்தடை மாத்திரை அட்டையை வீட்டில் ஒளிக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அரசாங்கத்தின் மேலும் அவருக்கு மனக்குறை உண்டு. 1996இல் கைவிடும்வரை ஒவ்வொரு செவிலியருக்கும் இத்தனை கருத்தடை அறுவை என்று இலக்கு இருந்தது. இலக்கு போனாலும் பழக்கம் போகவில்லை. கலைக்க வந்தவளிடம், ஆபரேஷன் பண்ணிக்கோ, இல்லையென்றால் காப்பர்-டி வைத்துக்கோ, அப்போதுதான் கலைப்போம் என்று பேரம் பேசிய இடங்களை அவர் பார்த்திருக்கிறார். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அந்தப் பேரத்துக்குப் பயந்தவர்கள்தான் வேறு ஊர்க் கடைக்குப் போனார்கள் என்பது அவர் கட்சி. இந்தக் கட்டுரைக்கும் அதுவே கட்சி. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். 2012இல் போக்சோ சட்டம் வந்தபின், மருத்துவர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற அச்சத்தில் பெற்றோர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. சிறுமியின் பெயரைத் தெரிவிக்காமலே மருத்துவர் தகவல் கொடுக்கலாம் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை உரிமை உண்டு என்ற அதே தீர்ப்பில்தான் இதுவும் வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, தெரிந்த பெண் ஒருத்தியோடு துணைக்கு ஒரு மருத்துவமனைக்குப் போனார். மேசையில் இருந்தவர், "புருஷன் கையெழுத்து போட வரணும்" என்றார். அவன் அப்போது கடலில். நர்ஸம்மா தர்க்கம் பண்ணவில்லை. "படிவம் சி கொடுங்க சார், நிரப்பிக்கினே இருக்கோம்" என்று வாங்கினார். சம்மதத்துக்கான படிவம் அது. பதினெட்டு வயது நிறைந்து, சுயநினைவோடு இருப்பவள் கையெழுத்து ஒன்றுக்குத்தான் அதில் இடம். காப்பாளர் வருவது சிறுமிக்கும் மனநலம் குன்றியவருக்கும் மட்டும். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிக் காட்டி, "புருஷன் எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "சரி, அவங்களே போடட்டும்" என்று பேனாவை நகர்த்தினார். எட்டாவது வாரம், மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதியம் ஒரு மணி பஸ்ஸுக்கே இருவரும் திரும்பிவிட்டார்கள்.